லுணுகலையிலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தோட்டத் துரையின் ஜீப் சத்தம் மலை வளைவில் கேட்டதுமே என் அப்பா தலையில் கட்டிய துவாயை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். ஜீப் கடந்துபோய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் மறுபடி கட்டுவார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேலாளர் என் மேசைப் பக்கம் வந்தபோதெல்லாம் எழுந்து நின்றேன். மூன்றாம் நாள் அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு ஏதாவது பிரச்சினையா? நான் வந்தாலே ஏன் எழுந்துவிடுகிறாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்திருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

லுணுகலை, இலங்கையில் பசறைக்கும் பிபிலைக்கும் நடுவே ஏ5 வீதியில் இருக்கிற சின்ன டவுன். சுற்றிலும் ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமை என்று தோட்டங்கள். நம் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது படித்த பிள்ளைகள் ஒருவர் இருவராக அமெரிக்காவுக்கும் போகிறார்கள். புதிதாகப் போகிறவருக்குப் புத்தி சொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு. அவை கொழும்பிலோ சென்னையிலோ வளர்ந்தவரை மனதில் வைத்து எழுதியவை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. எதை லுணுகலையிலேயே விட்டுவிட்டுப் போகலாம், எதைக் கட்டாயம் கூடவே கொண்டுபோக வேண்டும் என்று எனக்குப் பட்டதை இங்கே சொல்கிறேன்.

புறப்படும் முன்

பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பிறந்தவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பதிவில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருப்பது நமக்குப் புதிதில்லை. வாயால் சொன்ன பெயரைத் தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருப்பார். இங்கே ஒரு கடிதத்தோடு சமாளித்துவிடலாம். அங்கே ஓர் எழுத்து மாறினாலும் சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப் பத்திரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைப்படும். எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்து இருக்கும்படி திருத்திக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

அமெரிக்கர்களுக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது; அப்பா பெயர்தான் உண்டு. கடவுச்சீட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் விழுந்துவிட்டால், விசாவில் முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்து உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு அதையே உங்கள் பெயராக நினைத்துக் கூப்பிடுவார்கள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே உங்கள் பெயரை ஒரு கட்டத்திலும் அப்பா பெயரை மற்றதிலும் பிரித்துப் போடுங்கள்.

என் கடவுச்சீட்டில் அப்படிப் பிரித்துத்தான் போட்டிருந்தது. முதல் மாதம் வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் மிஸ்டர் என்று போட்டு அப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது. தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் ஓர் எண்ணாக இருந்த மனிதர் அவர். அந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். கையில் போனை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தங்கச்சி சொன்னாள்.

பல்லையும் கண்ணையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்குவதும் கண்ணாடி போடுவதும் அங்கே சாதாரண மருத்துவக் காப்புறுதிக்குள் பெரும்பாலும் வராது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் வேலைக்குப் புறப்படாதீர்கள்.

கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். எலுமிச்சை, தோடை இனங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே தடை. தேயிலைக்குத் தடை இல்லை. கடையில் கட்டிய பொட்டலமாகக் கொண்டுபோங்கள். ஆவணி வாக்கில் கச்சான் காற்றடிக்கும்போது பறித்த ஊவாத் தேயிலை கிடைத்தால் இரண்டு பொட்டலம் கூடுதலாக வையுங்கள். எந்தச் சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோனாலும் சுங்கப் படிவத்தில் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால்தான் தண்டம்.

மின்சாரம் அங்கே 120 வோல்ட். இங்கே 230. மிக்சியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

செய்ய வேண்டியவை

மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் முறை நாக்கு ஒட்டிக்கொள்ளும். நமக்குப் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அடிவாங்குகிற காரியம். ஆனால் அங்கே "சேர்" "மேடம்" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னால், இவனுக்குத் தன் வேலையில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். தலையைக் குனிந்துகொள்வது நம் ஊரில் அடக்கம். அங்கே எதையோ மறைப்பதாகத் தோன்றும். இதில் மட்டும் உங்களை நீங்களே கொஞ்சம் வருத்திப் பழக்குங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது. கணக்கப்பிள்ளை சொல்வது விளங்காவிட்டாலும் "சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வோம். தலைமுறை தலைமுறையாக வந்த தற்காப்பு அது. எதிர்த்துக் கேட்டவரின் பேரை வெட்டிவிடும் காலத்தில் அந்தச் "சரிங்க" உயிரைக் காப்பாற்றியது. அமெரிக்க வேலையிடத்தில் "சரி" என்றால் அது வாக்கு. வெள்ளிக்கிழமை முடித்துவிடுகிறேன் என்று பயத்தில் சொல்லிவிட்டு முடிக்காமல் போனால், முடியாது என்று முதலிலேயே சொன்னவரைவிட நீங்கள் மோசமானவராகிவிடுவீர்கள். "எனக்கு இது விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்." இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.

தலையாட்டும்போது கவனம். நாம் பக்கவாட்டில் தலையை ஆட்டினால் சரி என்று அர்த்தம். அங்கே அது இல்லை என்றோ, குழப்பம் என்றோ போய்ச் சேரும். வாயால் "யெஸ்" என்று சொல்லிவிடுங்கள்.

நேரத்தில் நமக்குப் பயிற்சி வேண்டியதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று வளர்ந்தவர்கள் நாம். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எட்டு ஐம்பத்தைந்துக்கு இருங்கள். வீட்டு விருந்துக்கு மட்டும் முன்கூட்டிப் போகாதீர்கள். ஆறு மணி என்றால் ஆறு, ஆறு பத்து. ஐந்தரைக்குப் போய்க் கதவைத் தட்டினால் அவர்கள் சமையலும் குளியலுமாக இருப்பார்கள்.

செய்த வேலையைச் செய்ததாகச் சொல்லுங்கள். கொழுந்தைத் தராசு சொல்லிவிடும். எத்தனை கிலோ என்று யாரும் வாதாட வேண்டியதில்லை, தராசுக்காரர் நேர்மையாக இருந்தால். அலுவலக வேலைக்கு அப்படித் தராசு இல்லை. பேசாமல் இருந்து உழைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று காத்திருந்து இரண்டு வருடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் மேலாளருக்கு நாலு வரி எழுதுங்கள்: இதை முடித்தேன், இது பாதியில் இருக்கிறது, இதற்கு உதவி வேண்டும். அது பெருமையடிப்பது ஆகாது.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லின் மேல் 15 முதல் 20 வீதம் டிப்ஸ் வையுங்கள். நமக்கு இது முதலில் அநியாயமாகப் படும். காரணம் தெரிந்தால் படாது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991இலிருந்து அது ஏறவே இல்லை. மற்றவர்களுக்கான மத்திய குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர்; அதுவும் 2009இலிருந்து அசையவில்லை. பல மாநிலங்கள் தாமாக இதைவிடக் கூட்டி வைத்திருக்கின்றன. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் ரோட்டில் நின்று, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது என்பதை அறிந்த நாம், அந்தப் பரிமாறும் பிள்ளையின் பங்கில் கைவைக்கக் கூடாது. கையில் பணம் குறைவென்றால் நீங்களே வாங்கிக்கொள்ளும் கடையில் சாப்பிடுங்கள். இன்னொன்று: பெரும்பாலான மாநிலங்களில் கடையில் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் விற்பனை வரி சேரும். பத்து டாலர் பொருளுக்குப் பத்து டாலரோடு வரிசையில் நிற்காதீர்கள்.

"ஹவ் ஆர் யூ" என்று கேட்டால் "குட், ஹவ் ஆர் யூ" என்று சொல்லிவிட்டு நடங்கள். நம் ஊரில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுபோல அது. "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பதும் அப்படியே. நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. பொட்லக் என்று அழைத்தால் ஒவ்வொருவரும் ஒரு சாப்பாடு செய்து கொண்டுபோக வேண்டும். என்ன போட்டுச் செய்தீர்கள் என்று ஒரு சின்னத் தாளில் எழுதி ஒட்டுங்கள். நிலக்கடலை ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தாகிற பிள்ளைகள் அங்கே நிறைய. உழுந்து வடையை நம்பிக் கொண்டுபோகலாம். தட்டு காலியாகத்தான் திரும்பி வரும்.

காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். பதுளை ஆஸ்பத்திரியில் பணம் கேட்காமல் பார்த்து அனுப்பிவிடுவதற்குப் பழகியவர்கள் நாம். அங்கே காப்புறுதி அட்டை இருந்தும், முதலில் ஒரு தொகையை நீங்களே கட்டி முடித்த பிறகுதான் காப்புறுதி முழுதாகக் கை கொடுக்கும். சாதாரண வியாதிக்கு அர்ஜண்ட் கேர் என்ற சிறிய மருத்துவ நிலையங்கள் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் அதே காய்ச்சலுக்குப் பல மடங்கு பில் வரும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பெரிய காயம் என்றால் கணக்குப் பார்க்காமல் 911ஐ அழையுங்கள்.

முதல் வாரமே பொது நூலகத்தில் சேருங்கள். காசு இல்லை. முகவரிக்கு ஒரு சான்று போதும். பல நூலகங்களில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பழகும் வகுப்பும் இலவசமாக நடக்கும். பனி கொட்டுகிற மாதங்களில் தனியறையில் அடைபட்டுக் கிடப்பதற்குப் பதிலாக அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம். தனிமையை ஒரு சின்ன விஷயம் என்று எண்ணாதீர்கள். லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் இருந்து "என்னா ஆச்சு" என்று குரல் வரும். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் ஒரு வருடம் ஓடிவிடும். நீங்களாகப் போய் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள்.

கூட வேலை செய்கிறவர் வீட்டில் சாவு என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. தோட்டத்தில் கேட்டுக்கொண்டு போகிற வழக்கமே இல்லை. தப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் அந்த லயத்து வாசலில் இருப்போம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்துக் காம்பராக்களிலிருந்து தேத்தண்ணியும் சோறும் போகும். குழி வெட்டுகிறவர் ஒருபுறம், பாடை கட்டுகிறவர் ஒருபுறம். அமெரிக்காவில் சொல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஓர் அட்டையில் கையால் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அடக்க ஆராதனைக்கு எல்லோரும் வரலாம் என்று அறிவித்திருந்தால் கறுப்போ கருநீலமோ உடுத்திக்கொண்டு போய், பின் வரிசையில் அமைதியாக இருந்துவிட்டு வாருங்கள். சமைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, காரம் இல்லாமல் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கேயும் அந்த வழக்கம் இருக்கிறது.

ஊரில் உங்கள் வீட்டில் சாவு நடந்தால் மேலாளரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் அடக்கிக்கொண்டு வேலை செய்யாதீர்கள். துக்க விடுமுறை கொடுக்க வேண்டும் என்று மத்திய சட்டம் இல்லை. ஆனாலும் நிறையக் கம்பனிகளில் சில நாள் கொடுக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

செய்யக்கூடாதவை

கடவுச்சீட்டை யார் கையிலும் கொடுத்துவைக்காதீர்கள். முதலாளியிடமும், வேலை வாங்கிக்கொடுத்த ஏஜென்டிடமும், வாடகைக்கு இடம் கொடுத்த நம் ஆளிடமும்தான். இதை நாம் மற்ற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறார், கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கங்காணி கணக்கில் ஏறிய கடன் தீர்ந்ததும் இல்லை. 1921இல்தான் துண்டைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உங்கள் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டிவைத்து, நீ எனக்கு இவ்வளவு தர வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் இருப்பது அதே துண்டுதான்.

அமெரிக்கச் சட்டத்தில் அப்படிப் பூட்டிவைப்பது குற்றம். எச் வகை, ஜே வகை வேலை விசாக்களுக்குத் தூதரகத்தில் தொழிலாளர் உரிமைகள் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுக்க வேண்டும். அதைக் குப்பையில் போடாமல் படியுங்கள். சிக்கிக்கொண்டால் அழைக்க வேண்டிய எண் 1-888-373-7888. ஆள்கடத்தல் தடுப்புக்கான உதவி எண் அது, பொலிஸ் இல்லை. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்கலாம்.

எந்த ஊர் என்று கேட்டால் கண்டி என்றும் கொழும்பு என்றும் சொல்லாதீர்கள். இதை வேண்டிக் கேட்கிறேன். அமெரிக்கர் கேட்டால் பிரச்சினை இல்லை, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். தமிழர் கேட்கும்போதுதான் நம் தொண்டை அடைக்கும். ஒரு தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஓர் ஐயா என்னிடம் "தம்பி ஊரிலே எவ்விடம்?" என்று கேட்டார். "கண்டிப் பக்கம்" என்றேன். அவர் கண்டியில் படித்தவராம். எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். "தோட்டக்காட்டான்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து செய்த காரியம். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் அதே விழாவில் லுணுகலை என்றேன், தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். ஒருவர் முகம் கொஞ்சம் மாறியது உண்மைதான். அதை என் கணக்கில் எழுதவில்லை. இன்னொரு பெண், தன் அம்மா மடுல்சீமைக்காரர் என்று என் தட்டில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார்.

பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்றிருக்கும், கடவுச்சீட்டில் இலங்கையர் என்றிருக்கும். இது எப்படி என்று அதிகாரியோ கூட வேலை செய்கிறவரோ கேட்டால் தடுமாறாதீர்கள். 200 வருடத்துக்கு முன் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள், 2003இல்தான் மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைத்தது என்று மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டாலும் குற்றமில்லை.

சாதி கேட்காதீர்கள், சொல்லாதீர்கள், சுற்றிவளைத்து விசாரிக்கவும் வேண்டாம். லயத்திலும் அது இருந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது. எந்த வீட்டில் தண்ணி குடிக்கலாம், எந்த வீட்டில் குடிக்கக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். 2023 பெப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதலாவது. நம்மோடு அது கடல் தாண்டிப் போயிருக்காவிட்டால் அப்படி ஒரு சட்டத்துக்குத் தேவை வந்திருக்காது.

கறுப்பின மக்களைப் பற்றிச் சினிமாவில் பார்த்த பயத்தை மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்களைச் சுட்டுவதற்கு நம் பேச்சில் இருக்கிற சொற்களைத் தமிழில்கூடச் சொல்லாதீர்கள். 1965க்கு முன் பெரும்பாலான ஆசிய நாடுகளிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் அளவுக்குத்தான் அமெரிக்காவில் குடியேற விட்டார்கள். அந்த ஆண்டு குடிவரவுச் சட்டம் மாறியது. சிவில் உரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிய வருடங்களில்தான் அது நடந்தது. ரோட்டில் இறங்கி அடிவாங்கியவர்கள் கறுப்பின மக்கள். திறந்த கதவு வழியாக உள்ளே போகிறவர்கள் நாம்.

மெலிந்துவிட்டீர்கள், பருத்துவிட்டீர்கள், கறுத்துவிட்டீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வயது, சம்பளம், ஏன் கல்யாணமாகவில்லை, ஏன் பிள்ளை இல்லை, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அடுத்தவர் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளாதீர்கள். பேசும்போது ஒரு கை தூரம் விட்டு நில்லுங்கள்.

பொலிஸ் உங்கள் காரை நிறுத்தினால் இறங்காதீர்கள். பதுளை வீதியில் பொலிஸ் கை காட்டினால் சாரதி இறங்கி, பத்திரங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்துபோவதுதான் மரியாதை. அமெரிக்காவில் அப்படி இறங்கி நடந்துபோனால் தாக்க வருவதாக நினைப்பார்கள், துப்பாக்கி வெளியே வரலாம். காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வையுங்கள். அனுமதிப் பத்திரம் கேட்டால், எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு நின்று வளர்ந்தவர்களுக்குக் கை தானாகப் பைக்குள் போகும். அந்த அவசரம் வேண்டாம். காசு நீட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பிள்ளையை அடிக்காதீர்கள். வீட்டில் தனியே விட்டுவிட்டுக் கடைக்கும் போகாதீர்கள். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போன அம்மாக்களின் பிள்ளைகள் நாம். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. அங்கே அந்த யாராவது கிடையாது. பிள்ளையின் உடம்பில் தடிப்பைக் கண்டால் ஆசிரியர் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

அலுவலக மைக்ரோவேவில் கருவாட்டைச் சூடாக்காதீர்கள். நம் சாப்பாட்டுக்கு வெட்கப்படச் சொல்லவில்லை. ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுபோங்கள், ஆற வைத்தும் சாப்பிடலாம். கருவாட்டு வாசம் அடைத்த கட்டடத்தில் சாயந்தரம்வரை நிற்கும். வீட்டில் மிளகாய் தாளிக்கும்போது யன்னலைத் திறந்து, காற்றாடியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். கூரையில் புகை அலாரம் இருக்கும். எங்கள் கட்டடத்தில் ஒரு ஞாயிறு மாசிச் சம்பலுக்குச் செத்தல் மிளகாயை வறுக்கப்போய், அலாரம் அடித்து, கைக்குழந்தையும் கிழவருமாக எல்லோரும் குளிரில் கீழே இறங்கி நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். அலாரத்தைக் கழற்றிவைக்கிற யோசனை மட்டும் வேண்டாம். மர வீடுகள் அவை. தீப்பிடித்தால் நிமிடத்தில் போய்விடும். குளிர்க்கோட்டைச் சமையலறைப் பக்கம் தொங்கவிடாதீர்கள், தாளிப்பு வாசம் அதில் ஏறிவிடும்.

முதல் மாதமே ஊருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் வரும். 2022இல் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 வரை ஏறியபோது ஊரில் எல்லோரும் நம்மைக் கோடீஸ்வரராக நினைத்தார்கள். வாடகை, காப்புறுதி, கார் எல்லாம் டாலரில்தான் போகும் என்பதை முதலிலேயே அம்மா அப்பாவிடம் விவரமாகச் சொல்லுங்கள். சம்பளப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பி, வரி எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டுங்கள். காசை வங்கி வழியே அனுப்புங்கள், உண்டியல்காரர் வழியே அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டு கடைப் பற்றுப் போன்றது. ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்டினால் நல்ல பெயர். மிச்சம் வைத்தால் வட்டி 20 வீதத்துக்கும் மேல் போகும்.

வேலை பறிபோனால் வீட்டுக்கு மறைக்காதீர்கள். அங்கே பெரும்பாலான வேலைகளில் முன்னறிவித்தல் இல்லாமலே நிறுத்தலாம். நம் குற்றம் ஒன்றும் இல்லாமலும் அது நடக்கும்.

போன் பேசும் நேரத்தையும் ஒழுங்கு பண்ணிக்கொள்ளுங்கள். நியூயோர்க் பக்கம் இருந்தால், குளிர்காலத்தில் உங்களுக்கு மாலை ஏழு மணி என்னும்போது லுணுகலையில் விடியற்காலை ஐந்தரை. அம்மா எழுந்து அடுப்பு மூட்டி, பெரட்டுக்கு முன் ரொட்டி சுடுகிற நேரம். போனை இஸ்தோப்பில் சாய்த்து வைத்துவிட்டு மாவைத் தட்டிக்கொண்டே பேசுவார். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். அதன்பிறகு உங்கள் ஏழு மணி அவருக்கு நாலரை. அதை முதல் நாளே சொல்லிவையுங்கள். சொல்லாமல் நாலரைக்கு அடித்தால், இருட்டில் போன் அடிக்கிறதே, யாருக்கு என்ன ஆனதோ என்று பதறி எழுந்துவிடுவார்.